அவரும் விடைபெறுகிறார்

ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களைச் சப்டைட்டில் போடாமல் பார்க்கும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. அதிலும் பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் கீழே எழுத்து ஓடியே ஆக வேண்டும். ஊருக்கு ஊர் மாறும் அந்த உச்சரிப்பில் காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் முழுக்கப் பொய்த்துப்போனது. 1976இல் பிபிசியில் ஒளிபரப்பான, சில நிமிடங்களே ஓடும் ஒரு நகைச்சுவைக் காட்சி அது. பழைய பாணி ஹார்டுவேர் கடை ஒன்று. கவுன்டருக்குப் பின்னால் குள்ளமான கடைக்காரர். கையில் சீட்டோடு உள்ளே வரும் பருத்த உடம்புக்காரர் ஒருவர். வந்தவர் கேட்பது காதுக்கு "ஃபோர் கேண்டில்ஸ்" என்று கேட்கிறது. கடைக்காரர் நான்கு மெழுகுவத்திகளை எடுத்து வைக்கிறார். வந்தவர் தலையை ஆட்டிவிட்டு அதையே மறுபடி சொல்கிறார். கடைக்காரருக்கு விளங்கவில்லை, நான்கு மெழுகுவத்திகள்தானே இங்கே இருக்கின்றன! அவர் கேட்டது தோட்டத்து மண்ணைக் கிளறும் ஃபோர்க்குக்குப் போடும் கைப்பிடி, அதாவது "ஃபோர்க் ஹாண்டில்ஸ்". பேச்சில் 'ஹா' என்ற ஒலி தேய்ந்து 'ஆ' ஆகிவிடும் மனிதர் அவர். கடைக்காரருக்கு விளங்காதது எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. ஏனென்றால் சப்டைட்டில் எழுதியவர் 'ஃபோர்க் ஹாண்டில்ஸ்' என்று பளிச்சென்று அச்சடித்துவிட்டார். இரண்டு பொருளுக்கும் நடுவே தொங்கவேண்டிய ஓர் ஒலியை எழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. எழுத்தை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது.

சிலேடை நமக்குப் புதிதில்லை. காளமேகம் ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும்படி பாடியதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அங்கே இரண்டு பொருளும் கவிஞரின் கைக்குள் இருக்கின்றன. கேட்பவர் இரண்டையும் ஒருசேரப் பார்த்து வியக்கிறார். அந்தக் கடைக் காட்சியில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. கடைக்காரருக்கு ஒரு பொருள், வாங்க வந்தவருக்கு ஒரு பொருள். இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்ற சந்தேகமே இருவருக்கும் எழுவதில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும்தான் இரண்டும் தெரியும். பிறகு அவர் 'ஓஸ்' கேட்கிறார். கடைக்காரர் முதலில் 'ஹோ' எனப்படும் களைக்கொத்தைக் கொண்டுவருகிறார், பிறகு 'ஹோஸ்' எனப்படும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவருகிறார். கடைசியில் அவர் கேட்டது வீட்டு வெளிவாசல் கேட்டில் பெயர் பதிக்க 'ஓ' என்ற எழுத்து என்று தெரிகிறது. எழுத்துகள் இருக்கும் பெட்டியை மேலிருந்து இறக்கி, கொடுத்து, திரும்ப ஏற்றிவைத்துவிட்டு வந்தால், சீட்டில் அடுத்தது 'பீஸ்'. 'பி' என்ற எழுத்து என்று நினைத்து, கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பெட்டியை மறுபடி இறக்குகிறார். வந்தவருக்கு வேண்டியதோ டின்னில் அடைத்த பட்டாணி. இதில் ஏறி இறங்கும் களைப்பு முழுவதும் கடைக்காரராக நடித்த ரோனி கார்பெட்டின் பங்கு. வாங்க வந்தவராக நின்றவர் ரோனி பார்க்கர். அசையாமல், அவசரப்படாமல், கடைக்காரரைச் சீண்டுகிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லாத முகத்தோடு அவர் நிற்கிறார். காட்சியை எழுதியவரும் அவர்தான். ஆனால் எழுதியவர் பெயராக அவர் வைத்துக்கொண்டது ஜெரால்ட் வைலி.

இந்தப் பெயர் விஷயம் எனக்கு நெடுநாளாக ஒரு புதிராக இருந்தது. நகைச்சுவை நடிகர் என்றாலே மேடையில் தன்னையே விற்பவர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தன் உயரம், தன் தொந்தி, தன் குரல், தன் வீட்டுக் கதை எல்லாமே அவருக்குச் சரக்கு. ரோனி பார்க்கரிடம் இதில் எதுவும் கிடையாது. நாற்பது ஆண்டு நடித்தும் அவர் தானாகத் தோன்றிய நேரத்தைக் கூட்டிப்பார்த்தால் மிகக் குறைவாகத்தான் இருக்கும். தானாகப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் கூச்ச சுபாவி அவர். வேறொருவனின் சட்டையைப் போட்டுவிட்டால் பிறகு அவரை நிறுத்த முடியாது. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, இந்த ஒளிந்துகொள்ளும் பழக்கம்தான் அவர் தொழிலின் ஆணிவேர் என்று எனக்குத் தோன்றியது.

அவர் 1929 செப்டம்பர் 25 அன்று பெட்ஃபோர்டில் பிறந்தார். தந்தை எண்ணெய் நிறுவனமொன்றில் எழுத்தர். சிறுவயதிலேயே குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. உலகம் முழுவதும் பிள்ளைகள் கனவு காணும் அந்தப் பல்கலைக்கழக நகரில் வளர்ந்தும் அவர் பல்கலைக்கழகப் படிக்கட்டு ஏறியவர் அல்லர். கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார், பாதியில் விட்டார். பிறகு வங்கி எழுத்தரானார். பகலில் பேரேடு, மாலையில் உள்ளூர் அமெச்சூர் நாடகக் குழு என்று ஓடிய அந்த வாழ்க்கையை உதறிவிட்டு, 1948 நவம்பரில் ஐல்ஸ்பரி நகரில் தொழில்முறை நடிகராக முதன்முதலில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 19.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிறுநகரங்கள்தோறும் 'ரெப்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிரந்தர நாடகக் குழுக்கள் இருந்தன. பெரும்பாலும் வாரம் ஒரு நாடகம். இரவில் இந்த வார நாடகம் நடக்கும். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும். இந்த வாரம் போலீஸ்காரராக இருப்பவர் அடுத்த வாரம் பாதிரியாராகவோ கொலைகாரராகவோ நிற்க வேண்டும். ஒட்டுத்தாடியும் தொனியும் நடையும்தான் மூலதனம். இருபது வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவராக நடிப்பதெல்லாம் அங்கே சர்வசாதாரணம். பார்க்கர் பிற்காலத்தில் செய்த எல்லாவற்றுக்கும் கைப்பழக்கம் இந்தக் குழுக்களில் வந்ததுதான்.

நடுவில் வேலை இல்லாமல் போன ஒரு காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த விங்ஃபீல்டு மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் பணியாளராக இருந்தார். இளம்பிள்ளைவாதம் கண்டு படுத்துக்கிடந்தவர்களைத் தினமும் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. அதற்கு அவர் கண்ட வழி, அங்கே ரோனியாக இல்லாமல் 'சார்லி' என்ற வேறோர் ஆளாக இருப்பது. சார்லி கலகலப்பானவர், வேடிக்கை பேசுபவர், நோயாளிகளைச் சிரிக்கவைப்பவர். கட்டில்களுக்கு நடுவே போய்வந்தது சார்லி. ரோனி அந்த நேரம் எங்கோ பத்திரமாக இருந்தார். சம்பளம் இல்லாத, மேடை இல்லாத இந்த நடிப்பை அவருடைய முதல் பெரிய வேடம் என்றே நான் சொல்வேன்.

1951இல் ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸ் அரங்கில் சேர்ந்தார். அங்கே இருந்த ஓர் இளம்பெண்ணிடம், நடிப்பு உனக்குச் சரிப்பட்டு வராது, விட்டுவிடு என்று அறிவுரை சொன்னதாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்ததுண்டு. அந்தப் பெண், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகை மேகி ஸ்மித். ஆள் பார்த்து எடைபோடுவதில் இவ்வளவு மோசமானவரையும் பீட்டர் ஹால் என்ற இளம் இயக்குநர் சரியாக எடைபோட்டார். 1955இல் லண்டன் மேடைக்கு அழைத்துப்போனதும் அவர்தான். பல ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேடத்தை ஏற்கும்படி கேட்டவரும் அவர்தான். பார்க்கர் அதை மறுத்துவிட்டார். சிரிப்பு நடிகர்கள் முதுமையில் ஒரு கனமான வேடத்தைப் போட்டுத் தங்கள் தரத்தை நிரூபிக்க ஆசைப்படுவது வழக்கம். இவருக்கு அந்த ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வானொலியில் 1959இல் தொடங்கிய கடற்படை நகைச்சுவைத் தொடர் அவர் குரலை வீடுதோறும் கொண்டுபோனது. முகம் தெரிந்தது 1966இல், டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய வாராந்திர நையாண்டி நிகழ்ச்சியில். அதில் மூன்று பேர் வரிசையாக நிற்கும் ஒரு காட்சி பிரிட்டிஷ் தொலைக்காட்சி உள்ளவரை பேசப்படும். ஆறடியைத் தாண்டிய ஜான் கிளீஸ் உயர்குடி. நடுத்தர உயரமுள்ள பார்க்கர் நடுத்தர வர்க்கம். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட கார்பெட் தொழிலாளி. நடுவில் நிற்பவர் இடப்பக்கம் திரும்பி மேலே அண்ணாந்து பார்க்கிறார், வலப்பக்கம் திரும்பிக் கீழே குனிந்து பார்க்கிறார். நாட்டின் வர்க்க அமைப்பு முழுவதும் அந்தக் கழுத்தசைவுக்குள் வந்துவிடுகிறது. படப்பிடிப்புத் தளத்திலும் அதே நிலைமைதான் இருந்தது என்பது வேடிக்கை. ஃப்ராஸ்டைச் சுற்றியிருந்தவர்களில் பலர் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து வந்த துடிப்பான பட்டதாரிகள். பார்க்கரும் எடின்பரோவில் ரொட்டிக்கடைக்காரர் மகனாகப் பிறந்த கார்பெட்டும் உள்ளூர்ப் பள்ளிப் படிப்போடு வந்தவர்கள். இரண்டு ரோனிகளும் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெரால்ட் வைலி பிறந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஃப்ராஸ்டின் இன்னொரு நிகழ்ச்சியில். பார்க்கருக்கு எழுதும் ஆசை வந்தது. ஆனால் நட்சத்திரம் எழுதித் தந்தால் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்களே என்ற தயக்கமும் கூடவே வந்தது. ஆகவே வைலி என்ற எழுத்தாளர் ஒருவர் இருப்பதாகவும், கூச்சம் காரணமாக நேரில் வரமாட்டார் என்றும் தன் ஏஜென்ட் மூலம் சொல்லவைத்துப் பிரதிகளை அனுப்பினார். பிரதிகள் பிடித்துப்போயின. ஒத்திகையின்போது பிறரைப் போலவே அவரும் அதைக் கையில் வாங்கி, புதிதாகப் படிப்பவர்போலப் படித்தார். யார் இந்த வைலி என்று தளம் முழுவதும் பேச்சு. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டு என்றார்கள் சிலர். நகைச்சுவை எழுத்தாளர் ஃப்ராங்க் மியூர் என்றார்கள் வேறு சிலர்.

இதில் நன்றாக ஏமாந்தவர் கார்பெட். மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடக்கும் வைலியின் காட்சி ஒன்றை மேடையில் நடிக்கும் உரிமை அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கு வைலி 3,000 பவுண்டு கேட்பதாக ஏஜென்டிடமிருந்து பதில் வந்தது. இது அநியாய விலை இல்லையா என்று கார்பெட் புலம்பியது யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்கரும் ஆமாம் ஆமாம், அநியாயம்தான் என்று ஆமோதித்தார். பிறகு வைலி திடீரென்று மனமிரங்கி உரிமையை இலவசமாகவே தந்துவிட்டார். நெகிழ்ந்துபோன கார்பெட், ஜி.டபிள்யூ. என்ற எழுத்துகள் பொறித்த கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி அந்த முகமறியா நண்பருக்கு அனுப்பிவைத்தார். கடைசியில் ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார் வைலி. உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் அவர்தானோ என்று மற்றவர்கள் உற்றுப்பார்த்துக்கொண்டிருக்கையில் பார்க்கர் எழுந்து, நான்தான் வைலி என்றார். முதலில் யாரும் நம்பவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறும்புக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அதில் பார்ப்பது கொஞ்சம் கசப்பான நேர்மையை. தன் எழுத்தைத் தன் பெயரின் நிழல் படாத இடத்தில் வைத்து எடைபோட விரும்பிய மனிதர் அவர். உண்மை வெளிப்பட்ட பிறகும் பெயரை விடவில்லை. வைலியைத் தவிர வேறு புனைபெயர்களும் சேர்ந்துகொண்டே போயின. 1988இல் ஒளிபரப்பான, அவர் கடைசியாக நடித்த தொடரின் கதையை எழுதியவர் பாப் ஃபெரிஸ் என்று திரையில் வந்தது, அதுவும் அவரே. அந்தப் பெயரும், தன் நண்பர்களான வேறிரு எழுத்தாளர்கள் படைத்த ஒரு பாத்திரத்தின் பெயர்.

அந்தக் கடைக் காட்சி இடம்பெற்ற 'தி டூ ரோனீஸ்' நிகழ்ச்சி தொடங்கியது 1971இல். திரைத்துறை விருது விழா ஒன்றில் இயந்திரம் பழுதாகி நிகழ்ச்சி நின்றுபோனபோது, இருவரும் சில நிமிடங்கள் மேடையைத் தாங்கிப்பிடித்ததைப் பார்வையாளர் வரிசையிலிருந்த பிபிசி அதிகாரிகள் பார்த்து அழைத்தார்கள். 1987 வரை அது ஓடியது. இருவரும் செய்தி வாசிப்பவர்கள்போல மேசைக்குப் பின்னால் அமர்ந்து துணுக்குச் செய்திகளைச் சொல்வார்கள். நடுவில் குறுநாடகங்கள், பாட்டு, தொடர்கதை. முடிவில் மறுபடி அதே மேசை. நிகழ்ச்சியில் கார்பெட்டுக்கு ஒரு பெரிய நாற்காலி உண்டு. அதில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்து, கார்பெட்டாகவே, நேராகக் கேமராவைப் பார்த்து வளவளவென்று கதை சொல்வார். பார்க்கருக்கும் தனியாகப் பேசும் பகுதி உண்டு. ஆனால் அவர் ஒருபோதும் பார்க்கராகப் பேசமாட்டார். ஏதோ ஒரு சங்கத்தின் தலைவராகவோ ஏதோ ஓர் அமைச்சகத்தின் அதிகாரியாகவோ வருவார். சொற்களைச் சரியாக உச்சரிக்க முடியாதவர்களின் சங்கத்துக்குத் தலைவராக வந்து, அச்சங்கத்தின் பெயரையே சரியாகச் சொல்ல முடியாமல் அவர் ஆற்றும் வேண்டுகோள் உரை ஒன்று உண்டு. எழுத்துகள் இடம் மாறி மாறி விழுகின்றன. அவர் முகத்திலோ நன்கொடை கேட்பவரின் கண்ணியம் கொஞ்சமும் குலைவதில்லை. இதைப் பேசப் பழகுவதற்கு எத்தனை இரவுகள் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்; எழுதியதைப் பார்த்துப் படிக்கவே எனக்கு முடியவில்லை.

அந்த நிகழ்ச்சியில் காலத்தோடு சேர்ந்து நிறம் மங்கியவையும் நிறைய உண்டு. பெண்ணைக் கண்டதும் கண்ணை உருட்டுவது, உடலுறுப்புகளைச் சுற்றி இரட்டை அர்த்தம் பின்னுவது ஆகியவை இன்று பார்க்கையில் நெளிய வைக்கின்றன. கடற்கரை ஊர்களில் விற்ற சற்றே ஆபாசமான பழைய வேடிக்கை அஞ்சலட்டைகளை அவர் ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். அந்த ரசனை திரையிலும் தாராளமாகப் புகுந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓர் இளைய தலைமுறை நையாண்டி நிகழ்ச்சி இருவரையும் இதற்காகவே கேலிசெய்து பாட்டுப் பாடியது. பார்க்கருக்கு அது மிகவும் வலித்தது. கேலி செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்றே சொல்வேன்.

ஆனால் 'போரிஜ்' அப்படி மங்கவில்லை. போரிஜ் என்றால் ஓட்ஸ் கஞ்சி. பேச்சுவழக்கில் சிறைவாசத்துக்கும் அதே பெயர். ஜெயிலில் களி தின்பது என்று நாம் சொல்கிறோமே, அச்சு அசல் அதேதான். 1973இல் பார்க்கரை வைத்து ஏழு தனித்தனிக் கதைகளை பிபிசி ஒளிபரப்பியது. அந்த ஏழிலிருந்து இரண்டு பெரும் தொடர்கள் முளைத்தன, முதலாவது இது. டிக் கிளெமென்ட்டும் இயன் லா ஃப்ரெனேயும் எழுதி, 1974 முதல் 1977 வரை வந்தது. பழகிப்போன திருடன் நார்மன் ஸ்டான்லி ஃபிளெட்சர் ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, கம்பர்லாந்திலுள்ள ஸ்லேடு என்ற கற்பனைச் சிறைக்கு வருகிறான். ஒவ்வொரு வாரமும் தொடரின் தொடக்கத்தில், கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து மூட, நீதிபதியின் கனத்த குரல் தீர்ப்பை வாசிக்கும். அந்தக் குரலும் பார்க்கருடையது! தண்டிப்பவரும் அவர், தண்டனை பெறுபவரும் அவர்.

ஃபிளெட்சர் தப்பிக்கத் திட்டம் போடுபவன் அல்லன். தப்பித்து எங்கே போவது? அவன் வாழ்வது தினசரிச் சின்னஞ்சிறு வெற்றிகளுக்காக. அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு டின் அன்னாசித் துண்டுகளைக் கைப்பற்றிவிட்டால் அன்றைய நாள் அவனுடையது. அந்த டின்னை இன்னொரு கைதி திருடிவிடும்போது, நம்மிடையே ஒரு திருடன் இருக்கிறானே என்று திருடர்கள் நிறைந்த சிறையில் அவன் பொங்குவதை நடிப்புப் பள்ளிகளில் பாடமாகவே வைக்கலாம். கிண்டலாக நடித்திருந்தால் அந்த வசனம் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். பார்க்கர் அதை உண்மையான தார்மீகக் கோபத்தோடு சொல்கிறார்.

முதல் பருவத்தின் மூன்றாவது அத்தியாயத்தை நான் நான்கைந்து முறை பார்த்திருப்பேன். கிட்டத்தட்ட அரைமணி நேரமும் ஒரே அறை, மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், இரண்டே பேர். முதல்முறை சிறைக்கு வந்திருக்கும் இளைஞன் காட்பருக்கு இரவுப் பூட்டுதான் தாங்க முடியாதது. ரிச்சர்ட் பெக்கின்சேல் அந்தப் பையனாக நடித்தார். கதவு பூட்டியதும் அவன் குரலில் வரும் மெல்லிய நடுக்கத்தை ஃபிளெட்சர் கவனிக்கிறான். ஆறுதல் என்று எதுவும் சொல்வதில்லை. வீட்டில் ஒரு மாலை வெளியே போகாமல் சும்மா இருப்பதாக நினைத்துக்கொள் என்று, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, சலிப்பான குரலில் சொல்கிறான். அந்தச் சலிப்புக்கு அடியில் இருக்கும் பரிவை அவர் முகத்தில் காட்டுவதே இல்லை. தலையணையைச் சரிசெய்வதிலும் திரும்பிப் படுப்பதிலும் அது கசிகிறது. இங்கே விங்ஃபீல்டு மருத்துவமனைச் சார்லியை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பெக்கின்சேல் 1979 மார்ச்சில், 31 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார்.

அந்த ஏழு கதைகளில் முளைத்த இன்னொரு தொடர் 'ஓபன் ஆல் ஹவர்ஸ்'. ராய் கிளார்க் எழுதியது. வட இங்கிலாந்தில் தெருமுனை மளிகைக்கடை வைத்திருக்கும் ஆர்க்ரைட், ஒரு காசு விடாத கஞ்சன். வந்தவரை எதையாவது வாங்கவைக்காமல் வெளியே விடமாட்டான். அவனுடைய கல்லாப்பெட்டி விரலைக் கடிக்கும் வேகத்தில் படாரென்று மூடும். பணம் போடும்போதெல்லாம் அவன் கை பயந்து பயந்துதான் உள்ளே போகும். சகோதரி மகன் கிரான்வில்லாக டேவிட் ஜேசன். ஆர்க்ரைட்டுக்குத் திக்குவாய். அதைப் பாத்திரத்தில் சேர்த்தவர் பார்க்கர். நாடகக் குழு நாட்களில் உடன் நடித்த க்ளென் மெல்வினிடம் அவர் கற்றுக்கொண்டது அது. திக்கும் குறையை வைத்துச் சிரிப்பு உண்டாக்குவது இன்று எளிதில் ஏற்கக்கூடியதல்ல. எனக்கும் அதில் சங்கடம் உண்டு. இருந்தாலும் ஒன்றைக் கவனித்தேன். கடையைச் சாத்தும் நேரத்தில் வாசலில் அடுக்கிய சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தபடி அவன் தனக்குள் பேசிக்கொள்வான். அந்த இரண்டு நிமிடங்களில் கஞ்சன் மறைந்து தனிமையில் முதுமையடையும் ஒரு கடைக்காரன் நிற்பான்.

1987 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியோடு அவர் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டார். வயது 58. இனி எழுதுவதற்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை, உடம்பும் முன்போல் இல்லை என்பவைதான் காரணங்கள். முன்கூட்டியே விஷயம் தெரிந்தவர்களுள் ஒருவர் கார்பெட். அவரும் வாய் திறக்கவில்லை. பார்த்தவர்களுக்கு அது கடைசி நிகழ்ச்சி என்றே தெரியாது. பாராட்டு விழா இல்லை, கண்ணீர் இல்லை. மனைவி ஜாயுடன் ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் பழம்பொருள் கடை ஒன்றைத் திறந்து கவுன்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பத்தாண்டு அந்தக் கடை நடந்தது. ஆர்க்ரைட்டைப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது பழைய பீங்கானும் ஒரு கூச்ச சுபாவக்காரரும்தான்.

2002இல் அவரை ஒருவழியாக வெளியே இழுத்தார்கள். சர்ச்சிலைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் அது. சர்ச்சிலாக ஆல்பர்ட் ஃபின்னி. பதினான்கு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு வரும் நட்சத்திரத்துக்கு அவர்கள் தந்த வேடம் சர்ச்சிலின் பணியாளர் இன்சஸ். பெரிய மனிதரின் பின்னால், தட்டோடும் கோட்டோடும் நிற்கும் வேடம். இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேடிப்பிடித்திருக்க முடியாது. மறு ஆண்டு இத்தாலியில் நடக்கும் ஒரு கதையில் முதிய ராணுவத் தளபதியாக வந்தார். அதில் கதாநாயகி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடிப்பை விட்டுவிடச் சொன்ன அதே மேகி ஸ்மித்.

2005 அக்டோபர் 3 அன்று, பார்க்கர் 76 வயதில் காலமானார். மறு ஆண்டு மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு நடந்தது. பாதிரிமார் ஊர்வலத்துக்கு முன்னால் வழக்கமாக இரண்டு மெழுகுவத்திகள் போகும். அன்று நான்கு போயின. அதற்கடுத்த ஆண்டு, அந்தக் கடைக் காட்சியின் கையெழுத்துப் பிரதி 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது. ஜெரால்ட் வைலிக்கு அது தெரிந்திருந்தால் கார்பெட்டிடம் கேட்ட 3,000 குறைவு என்று வருந்தியிருப்பார்.

எனக்கு மனத்தில் நிற்பது வேறொன்று. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பழைய காட்சிகளைத் தொகுத்து வழங்குவதற்காக இரண்டு ரோனிகளும் மறுபடி அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியை ஜூலையிலேயே பதிவு செய்ய வேண்டியிருந்தது. பார்க்கரின் உடல்நிலை அப்படி. வெளியே கோடை, உள்ளே பண்டிகை அலங்காரம். டிசம்பரில் அது ஒளிபரப்பானபோது அவர் இல்லை. 1971 முதல் அந்த நிகழ்ச்சியை ஒரே வாக்கியத்தால்தான் முடிப்பார்கள். முதலில் கார்பெட், "நான் விடைபெறுகிறேன், இரவு வணக்கம்" என்பார். பார்க்கர் அவர் பக்கம் கையைக் காட்டி, "அவரும் விடைபெறுகிறார்" என்பார். இதைப் பல ஆண்டுகள் வெறும் வேடிக்கையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வரியும் கார்பெட்டைப் பற்றியவை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் இன்னும் விடைபெறவே இல்லை.